சனிக்கிழமை பிக்கப்பில் ஏற வேண்டிய சைக்கிள்

குழு: அம்மாபேட்டை சைக்கிள் கடை
வியாழக்கிழமை

பெரியப்பா, மாலை 6:10
சனிக்கிழமை காலை உர மூட்டை ஏற்றிக்கொண்டு ஏற்காடு வருகிறேன். பாப்பாவின் சைக்கிளை அதற்குள் வாங்கிவிட்டால் அதே பிக்கப்பில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். விட்டால் அடுத்த மாதம்தான்.

அம்மா, 6:14
சரிங்க மாமா. சிங்கப்பூர்த் தம்பி, எந்த வண்டி என்று இன்றைக்கே சொல்லிவிடு.

நான், 6:15
(படம்) (படம்) (படம்)
ஞாயிற்றுக்கிழமை கடையில் பார்த்தவை. முதலாவது 26 அங்குலச் சக்கரம். அடுத்தது 27.5. கறுப்பு வண்டி 29.

பெரியம்மா, 6:17
கறுப்பு வேண்டாம்.

சிங்கப்பூர் மாமா, 6:31
பாப்பா, மூன்றையும் பார்த்தேன். என் ஓட்டு 29-க்குத்தான். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. உங்கள் எஸ்டேட் பாதையில் என்ன இருக்கிறது? சில்வர் ஓக் வேர், உருண்டைக் கல், மழைத்தண்ணீர் அறுத்துப் போட்ட பள்ளம். சின்னச் சக்கரம் கல்லில் முட்டி நிற்கும். பெரிய சக்கரம் அதே கல்லின் மேல் சாய்வாக ஏறிப் போய்விடும். மாட்டுவண்டிச் சக்கரத்தை ஏன் அவ்வளவு பெரிதாகச் செய்தார்கள் என்று யோசித்துப் பார். இங்கே புக்கிட் தீமா பாதையில் ஞாயிறுதோறும் நான் ஓட்டுவது 29. அதற்கு முன்பு 26 வைத்திருந்தேன். அதே வேர்களில் கை இரண்டும் மரத்துப்போகும்.

சித்தி, 6:33
பத்தாவது மார்க் 463-க்கு மறுபடியும் வாழ்த்துகள் பாப்பா!
பெரியக்கா, எங்கள் பித்தளைத் தூக்கு உங்கள் வீட்டில் இருக்கிறதா?

தாத்தா, 6:40
26 போதும்

தாத்தா, 6:40
டியூப் எல்லாக் கடையிலும் கிடைக்கும்

கோவை அண்ணன், 6:42
தாத்தா வந்துவிட்டார்

சிங்கப்பூர் மாமா, 6:49
அப்பா, 26 எப்படி வந்தது தெரியுமா? 1970-களில் கலிபோர்னியாவில், மரின் கவுண்டிப் பக்கம், சில பையன்கள் பழைய ஸ்வின் கம்பெனி வண்டிகளைத் தள்ளிக்கொண்டு டமால்பையஸ் மலையில் ஏறி, மேலிருந்து மண்பாதையில் இறங்கி விளையாடினார்கள். அந்த வண்டிகளில் இருந்த தடித்த பலூன் டயர் 26-இல்தான் கிடைத்தது. அதனால் மலை சைக்கிள் என்றாலே 26 என்று ஆகிவிட்டது. மலைக்கு எது நல்லது என்று யாரும் ஆராய்ந்து எடுத்த முடிவு இல்லை அது. 2000-க்குப் பிறகுதான் 29 பரவியது. 27.5 அதற்கும் பின்னால் வந்தது.

தாத்தா, 6:53
கிடைத்ததை வைத்து ஓட்டினார்கள். அதுதான் சரி

சிங்கப்பூர் மாமா, 6:55
இப்போது விலை கூடிய வண்டிகளில் 26 அனேகமாக இல்லை அப்பா. நல்ல டயர், நல்ல ஃபோர்க் எல்லாம் மற்ற இரண்டு அளவுக்குத்தான் வருகின்றன. 35,000 ரூபாய் போட்டு வாங்கி, மூன்று வருடம் கழித்து டயருக்கு அலையக் கூடாது.

பெரியம்மா, 6:56
35,000???

பெரியம்மா, 6:57
ப்ளஸ் ஒன் சேர்ந்தால் அரசாங்கமே சைக்கிள் கொடுக்கிறதே

நான், 6:58
அது கியர் இல்லாத வண்டி பெரியம்மா. பள்ளிக்கூடத்துக்குச் சரி. எஸ்டேட் ஏற்றத்தில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

அம்மா, 7:01
எஸ்டேட்டுக்குள் காட்டெருமை வந்ததாக நேற்றுகூடச் சொன்னார்கள். முதலில் எந்தப் பாதை, எத்தனை மணி வரை என்று பேசுவோம்.

பெரியப்பா, 7:02
நாகலூர்ப் பக்கமா?

அம்மா, 7:02
ஆமாம் மாமா. இரண்டு நின்றதாம்.

பெரியப்பா, 7:04
விடியற்காலையும் இருட்டின பிறகும் போகாமல் இருந்தால் போதும். மிளகுக் கொடிக்கு ஆள் சொல்லிவிட்டீர்களா?

(மிளகு, கூலி, ஏணி பற்றி 14 செய்திகள்)

சிங்கப்பூர் மாமா, 7:30
சைக்கிளுக்கு வருவோம். எல்லோருக்கும் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். 26, 27.5, 29 எல்லாம் டயரோடு சேர்த்துப் பேச்சுக்குச் சொல்கிற எண்கள். ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம்தான் உண்மையான அளவு. 26-க்கு 559 மில்லிமீட்டர், 27.5-க்கு 584, 29-க்கு 622. கணக்குப் போட்டுப் பாருங்கள். 26-க்கும் 27.5-க்கும் நடுவில் 25 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஒரு அங்குலம். 27.5-லிருந்து 29-க்குப் போனால் 38. அதாவது 27.5 நட்டநடுவில் இல்லை, 26-க்குப் பக்கத்து வீடு. அதனால்தான் போவதென்றால் நேராக 29-க்குப் போ என்கிறேன்.

தாத்தா, 7:36
இதைத்தான் நான் கடை நடத்திய காலம் முழுக்கச் சொன்னேன். லேடீஸ் வண்டிக்கு வரும் 26 × 1⅜ டயரை வாங்கிக்கொண்டு வந்து மலை வண்டியின் 26 ரிம்மில் மாட்டச் சொல்வார்கள். உட்காராது. அந்த ரிம் 590. எண் ஒன்று, சக்கரம் வேறு

கோவை அண்ணன், 7:37
தாத்தா 👏👏

சித்தி, 7:38
தூக்கு?

பெரியம்மா, 7:41
இங்கேதான் இருக்கிறது. வளைகாப்புக்குக் கொடுத்த எவர்சில்வர் தட்டு மூன்று உன்னிடம் இருக்கிறது.

கோவை அண்ணன், 7:43
மாமா, முன்னால் 29, பின்னால் 27.5 போட்டு ஒரு வண்டி வருகிறதே?

பெரியம்மா, 7:43
டிராக்டர் மாதிரியா?

சிங்கப்பூர் மாமா, 7:46
டிராக்டரில் பின் சக்கரம் பெரிதுக்கா, இது தலைகீழ். 2019-லிருந்து உலகப் போட்டிகளிலேயே அனுமதிக்கிறார்கள். செங்குத்தான இறக்கத்தில் உடம்பைப் பின்னால் தள்ளும்போது பின் சக்கரம் இடிக்காமல் இருக்க அது உதவும். பாப்பாவுக்குத் தேவையில்லை.

கோவை அண்ணன், 7:47
பாப்பாவின் உயரம் எவ்வளவு?

நான், 7:47
155 செ.மீ. கால் உள்ளளவு 71.

கோவை அண்ணன், 7:52
மாமா, அவளுக்கு 29 சரிவருமா? 2012 லண்டன் ஒலிம்பிக் மலை சைக்கிள் போட்டியில் நினோ ஷுர்ட்டர் 27.5-இல் தானே ஓட்டினார்? அவரே அவ்வளவு உயரம் கிடையாது.

சிங்கப்பூர் மாமா, 7:54
ஓட்டினார். தங்கம் யாருக்குப் போனது? 29-இல் வந்த குல்ஹாவிக்கு.

கோவை அண்ணன், 7:55
ஒரே ஒரு விநாடியில்! குல்ஹாவி நெடுநெடுவென்று இருப்பார். அவருக்கு 29 பொருந்தியது.

சிங்கப்பூர் மாமா, 7:57
நான்கு வருடம் கழித்து ரியோவில் ஷுர்ட்டர் தங்கம் வாங்கியபோது அவரும் 29-க்கு மாறியிருந்தாரே தம்பி.

கோவை அண்ணன், 7:58
அவருக்கென்று பார்த்துப் பார்த்துச் செய்த வண்டி மாமா அது. கைப்பிடியை எவ்வளவு இறக்க வேண்டுமோ அவ்வளவு இறக்கிக் கொடுப்பார்கள். கடையில் நிற்கும் வண்டியைப் பாப்பாவுக்காக யார் மாற்றுவார்கள்?

நான், 8:03
நான் ஓட்டிப் பார்த்ததைச் சொல்லட்டுமா? கடைக்குப் பின்னால் உள்ள மண் தரையில் பத்து நிமிடம் விட்டார்கள். 29 மீடியம் ஃபிரேமில் இறங்கி நின்றால் பார் இடிக்கிறது. 29 ஸ்மால் ஃபிரேமில் நிற்க முடிகிறது, ஆனால் கைப்பிடி மார்பு வரை உயர்ந்து நிற்கிறது. மெதுவாகத் திருப்பினால் ஷூ நுனி முன் சக்கரத்தில் உரசுகிறது. நேராகப் போகும்போது மாமா சொன்னது உண்மைதான், கல் இருப்பதே தெரியவில்லை. 27.5 மீடியத்தில் கை நீட்டி எட்ட வேண்டியிருந்தது, ஆனால் வண்டி நான் சொன்னபடி திரும்பியது. 26 நன்றாகத்தான் இருந்தது, ஆனால் செங்கல் துண்டில் ஏறும்போது தூக்கிப் போட்டது.

சிங்கப்பூர் மாமா, 8:05
27.5 ஸ்மாலில் ஓட்டவில்லையா?

நான், 8:05
அந்தக் கடையில் இல்லை.

சிங்கப்பூர் மாமா, 8:12
ஷூ உரசுவது நல்லதில்லை. வேகத்தில் தெரியாது. ஆனால் எஸ்டேட்டில் கொண்டை ஊசி மாதிரி திரும்பும் இடத்தில், நடக்கிற வேகத்தில், மிதித்துக்கொண்டே திருப்பும்போதுதான் உரசும். கீழே போட்டுவிடும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2.2 அங்குல டயர் போட்டால் 29 ஒரு சுற்றில் 2.3 மீட்டர் போகும், 27.5 போவது 2.19 மீட்டர். ஒரே கியரில் ஏற்றத்தில் 29 சுமார் 5 சதவீதம் கனமாக இருக்கும். சக்கரமும் எடை கூடியது, நின்ற இடத்திலிருந்து உருட்ட இன்னும் கொஞ்சம் பலம் வேண்டும். பின்னால் பெரிய பல்சக்கரம் போட்ட வண்டியாக எடுத்தால் ஏற்றத்தைச் சமாளிக்கலாம். உயரத்துக்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

அம்மா, 8:15
என் உயரத்தைச் சொல்லித்தான் எனக்கும் வண்டி இல்லை என்றார்கள்.

அம்மா, 8:15
கடை நிறைய இருபது வாடகை சைக்கிள். தம்பிக்கு எட்டாவதிலேயே புது வண்டி.

(அம்மா ஒரு செய்தியை நீக்கினார்)

சிங்கப்பூர் மாமா, 8:19
சின்னக்கா, அதற்கு நான் என்ன செய்வேன்

சித்தி, 8:24
அக்கா, மதியம் அப்பா தூங்கும்போது நாம் மூவரும் கடைக்குப் பின்னால் ஓட்டினோமே. பச்சை வண்டி, 22. குரங்குப் பெடல். பெரியக்கா சாக்கடையில் விழுந்தாள்.

பெரியம்மா, 8:25
அதை ஏன் இப்போது

பெரியப்பா, 8:26
எனக்கு யாரும் சொல்லவே இல்லை

தாத்தா, 8:31
தெரியும். ஒரு மணிக்கு ஒரு ரூபாய். மூன்று வருட வாடகை பாக்கி இருக்கிறது

சித்தி, 8:31
அப்பா!!! 😂

கோவை அண்ணன், 8:33
22 என்றால் 22 அங்குலச் சக்கரமா தாத்தா?

தாத்தா, 8:39
அது ஃபிரேம். நம் பெரிய வண்டிகளில் சக்கரம் எல்லாம் 28. ஃபிரேம்தான் 22, 24. ஆளைப் பார்த்து ஃபிரேம் கொடுப்போம். நீங்கள் எல்லோரும் சக்கரத்தையே பேசுகிறீர்கள். முதலில் ஃபிரேம்

சிங்கப்பூர் மாமா, 8:41
அப்பா, அந்த 28 ரிம் 635 தானே?

தாத்தா, 8:42
635

சிங்கப்பூர் மாமா, 8:48
ரிம் 29-ஐ விடப் பெரிது, டயர் ஒல்லி. டயரோடு சேர்த்தால் மொத்த உயரம் சுமார் 711 மில்லிமீட்டர். தடித்த டயர் போட்ட 27.5 சுமார் 696. 29 என்றால் 734. அதாவது 27.5 கிட்டத்தட்ட நம் கடை வண்டியின் உயரம், ஒரு விரல் குறைவு. இதை நான் இதுவரை இப்படிப் போட்டுப் பார்த்ததே இல்லை.

தாத்தா, 8:52
அப்படியென்றால் 27.5 சின்ன வண்டி இல்லை

தாத்தா, 8:53
டியூப் கிடைக்குமா

கோவை அண்ணன், 8:54
கிடைக்கும் தாத்தா. இங்கே இரண்டு வாங்கி அனுப்புகிறேன்.

தாத்தா, 8:54
நான்கு

சிங்கப்பூர் மாமா, 9:02
சரி. ஸ்மால் ஃபிரேம் என்றால் பல கம்பெனிகளே 27.5 போட்டுத்தான் கொடுக்கின்றன, மீடியத்திலிருந்துதான் 29. சின்ன ஆளுக்குப் பெரிய சக்கரத்தைத் திணித்தால் ஃபிரேமை எங்கேயாவது வளைத்துச் சரிக்கட்ட வேண்டியிருக்கும். இன்றைக்கு என் ஓட்டு 27.5 ஸ்மால். ஆனால் பாப்பா இன்னும் இரண்டு அங்குலம் வளர்ந்தால் என்ன செய்வது என்பதுதான் யோசனையாக இருக்கிறது.

பெரியம்மா, 9:03
எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் பத்தாவதுக்கு மேல் வளர்ந்ததில்லை.

கோவை அண்ணன், 9:10
கோவையில் நான் கேட்ட கடையில் 27.5 ஸ்மால் ஒன்று இருக்கிறது. நீலம். டிஸ்க் பிரேக். நாளை மாலை போய்ப் பார்க்கிறேன்.

அம்மா, 9:11
ஓட்டிப் பார்க்காமல் எப்படி வாங்குவது? பாப்பா இங்கே, வண்டி அங்கே.

கோவை அண்ணன், 9:12
சேலம் கடைக்கு வரவழைக்க முடியுமா என்று கேட்கிறேன் சித்தி.

பெரியப்பா, 9:13
சனி காலை ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுவேன். மூட்டை காத்திருக்காது.

அம்மா, 9:15
போன தடவையும் இப்படித்தான், ஆறு மணிக்கே கிளம்பிவிட்டீர்கள்.

பெரியம்மா, 9:16
அன்றைக்கு டீசல் போடாமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்தது யார்?

சிங்கப்பூர் மாமா, 9:18
இங்கே மணி பன்னிரண்டு ஆகப் போகிறது. நான் படுக்கிறேன். பாப்பா, எந்த வண்டி வந்தாலும் டயரில் கல் மாதிரி காற்று அடிக்காதே. நீ இருக்கிற எடைக்கு 28, 30 பிஎஸ்ஐ போதும். காற்று கொஞ்சம் குறைவாக இருந்தால் டயரே கல்லை விழுங்கிக்கொள்ளும். 27.5-க்கும் 29-க்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை அதிலேயே ஈடுகட்டிவிடலாம் என்பது என் அனுபவம்.

தாத்தா, 9:20
30 குறைவு. பின் சக்கரத்துக்கு 35

சிங்கப்பூர் மாமா, 9:21
அப்பா, இது கேரியரில் ஆள் ஏற்றும் வண்டி இல்லை

தாத்தா, 9:21
தங்கச்சியை ஏற்றுவாள்

நான், 9:22
இதில் கேரியரே இல்லை தாத்தா.

தாத்தா, 9:25
நான் போட்டுத் தருகிறேன்

வெள்ளிக்கிழமை

கோவை அண்ணன், காலை 10:40
கடைக்காரர் சனி மதியத்துக்குள் சேலம் வரும் என்கிறார். உறுதியாகச் சொல்லவில்லை. முன்பணம் 2,000 கேட்கிறார்.

அம்மா, 10:44
மதியமா? மாமா ஒன்பதுக்குக் கிளம்புகிறாரே.

பெரியப்பா, 10:52
உரக் கடைக்காரர் மூட்டை இன்னும் வரவில்லை என்கிறார். பார்ப்போம்.

சிங்கப்பூர் மாமா, 10:58
முன்பணம் அனுப்பிவிட்டேன். ஆனால் 29 ஸ்மாலை இன்னொரு முறை ஓட்டிப் பார் பாப்பா, சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதே செங்கல் மேல் ஏற்றிப் பார். உன் கால் சொல்வதுதான் முடிவு, நான் சொல்வது இல்லை.

நான், 11:00
சரி மாமா. நாளை காலை முதல் பஸ்ஸில் அம்மாவோடு வருகிறேன்.

அம்மா, 11:01
நானும் ஓட்டிப் பார்ப்பேன்.

தாத்தா, 11:06
டேப்பும் பம்பும் எடுத்து வைத்துவிட்டேன். கடை வாசலில் எட்டரைக்கு நிற்பேன்

சித்தி, 11:20
பெரியக்கா, தட்டு இரண்டுதான். எண்ணிப் பார்த்துவிட்டேன்.