பிராண்ட் கிட் அமைத்த பிறகும் நிறமும் எழுத்துருவும் படத்துக்குப் படம் மாறுகின்றன: உதவி தேவை

கேள்வி

வணக்கம். ஒரு பயிற்சி நிறுவனத்துக்கான சமூக ஊடகப் பதிவுகளையும் அச்சுத் துண்டறிக்கைகளையும் நாங்கள் மூவர் வடிவமைக்கிறோம். ஒருவர் கேன்வாவிலும், இன்னொருவர் ஃபிக்மாவிலும், நான் அடோபி எக்ஸ்பிரஸிலும் வேலை செய்கிறோம். மூன்றிலும் லோகோ, நிறங்கள், எழுத்துரு ஆகியவற்றை ஒரே தொகுப்பாக, அதாவது பிராண்ட் கிட்டாக, சேமித்து வைத்திருக்கிறோம். இருந்தும் எங்கள் கருநீலம் ஒரு படத்தில் சற்று வெளிறியும் இன்னொன்றில் பச்சை கலந்தும் தெரிகிறது. தலைப்புக்கு பாப்பின்ஸ் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தோம். ஆங்கிலத் தலைப்புகள் ஒரே மாதிரி வருகின்றன, தமிழ்த் தலைப்புகளோ கருவிக்கு ஒரு வடிவத்தில் வருகின்றன. வண்ணப் பின்னணியில் வைத்தால் லோகோவைச் சுற்றி வெள்ளைப் பெட்டி தெரிகிறது. எதை முதலில் சரிசெய்வது?

பதில் 1

நிறத்திலிருந்து தொடங்குங்கள். மூன்று கருவிகளிலும் அந்த நீலத்தின் ஹெக்ஸ் குறியீட்டை (# குறிக்குப் பின் ஆறு இலக்க, எழுத்துகளால் நிறத்தைக் குறிப்பது) திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் #145374 என்றும் மற்றொன்றில் #155273 என்றும் இருந்தால், யாரோ ஒருவர் ஐட்ராப்பர் என்ற நிறம் எடுக்கும் கருவியைக் கொண்டு ஜேபெக் படத்திலிருந்து நிறத்தை எடுத்திருக்கிறார் என்று கொள்ளலாம். ஜேபெக் கோப்பு அளவைக் குறைப்பதற்காக நிறத் தகவலைச் சுருக்குகிறது. எழுத்தின் விளிம்பிலுள்ள புள்ளிகளோ பின்னணி நிறத்தோடு கலந்தே இருக்கின்றன. அங்கிருந்து எடுக்கும் நிறம் மூல நிறமாக இருக்காது. வெளிறிய நீலத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: அந்த அடுக்கின் ஒளிபுகாமை 100 விழுக்காட்டுக்குக் கீழே வைக்கப்பட்டிருந்தால், குறியீடு சரியாக இருந்தும் பின்னணி கசிந்து நிறம் மாறித் தெரியும்.

லோகோவின் எஸ்விஜி (கோடுகளாகவும் வடிவங்களாகவும் படத்தைச் சேமிக்கும் வகை) கோப்பு உங்களிடம் இருந்தால் அதை நோட்பேட் போன்ற எளிய உரைத் தொகுப்பானில் திறந்து பாருங்கள். அது உரைக் கோப்புதான். பெரும்பாலும் நிறக் குறியீடு அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். அதையே மூலமாகக் கொண்டு, மூன்று கருவிகளிலும் கையால் தட்டச்சு செய்யுங்கள்.

கைபேசித் திரையையும் கணினித் திரையையும் அருகருகே வைத்துக் கண்ணால் ஒப்பிட வேண்டாம். பல கைபேசிகள் நிறங்களைச் செறிவூட்டிக் காட்டுகின்றன. குறியீடு ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் சோதனை.

பதில் 2

தமிழ்த் தலைப்பு மாறுவதற்குக் காரணம், பாப்பின்ஸில் தமிழ் எழுத்துகளே இல்லை என்பதுதான். லத்தீன், தேவநாகரி எழுத்துகள் மட்டுமே அதில் உள்ளன. இல்லாத எழுத்தைத் தட்டச்சு செய்யும்போது ஒவ்வொரு கருவியும் தன் கைவசமுள்ள வேறொரு தமிழ் எழுத்துருவை இட்டு நிரப்பிக்கொள்கிறது, எழுத்துருவின் பெயர் காட்டும் பெட்டியில் மட்டும் பாப்பின்ஸ் என்றே தொடர்ந்து தெரிகிறது. பலரும் ஏமாறும் இடம் இது.

தமிழும் லத்தீனும் சேர்ந்தே வடிவமைக்கப்பட்ட எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதே நிலையான தீர்வு. முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் ஆகிய மூன்றும் கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. முக்தா மலரில் 7 தடிமன்கள் இருப்பதால் தலைப்புக்கும் உரைக்கும் அந்த ஒரு குடும்பமே போதும் என்பது என் கருத்து. பதிவேற்ற வேண்டியிருந்தால், நீங்கள் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு தடிமனுக்கும் உரிய கோப்பைத் தனித்தனியே பதிவேற்றுங்கள். சாதாரணத் தடிமனை மட்டும் பதிவேற்றிவிட்டுத் தடித்த பொத்தானை அழுத்தினால், சில கருவிகள் கோடுகளைச் செயற்கையாகப் பருமனாக்கும்; அப்போது ‘ண’, ‘ஞ’ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைபட்டுவிடும். தேர்வு செய்யும் முன் ‘கொ’, ‘ணை’, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ ஆகியவற்றை மூன்று கருவிகளிலும் தட்டச்சு செய்து பாருங்கள்.

பதில் 3

வெள்ளைப் பெட்டி தெரிவது லோகோ ஜேபெக்காக இருப்பதால். அந்த வடிவம் ஒளிபுகும் பின்னணியைத் தாங்காது. எஸ்விஜி அல்லது ஒளிபுகும் பின்னணி கொண்ட பிஎன்ஜி தேவை. எஸ்விஜியாக ஏற்றுமதி செய்யும் முன் லோகோவில் உள்ள எழுத்துகளைக் கோட்டுருவாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக) மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் லோகோவின் பெயரே வேறு வடிவத்தில் தெரியும். கரும் பின்னணிக்கு வெள்ளை நிற லோகோ ஒன்றையும் கிட்டில் சேர்க்க வேண்டும்; அது இல்லாதபோதுதான் ஆளாளுக்கு ஒரு நிழலையும் விளிம்புக் கோட்டையும் சேர்க்கிறார்கள்.

அச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கலக்கும் ஆர்ஜிபி முறையிலும் அச்சு நான்கு மைகளைக் கலக்கும் சிஎம்ஒய்கே முறையிலும் நிறத்தை உருவாக்குகின்றன. திரையில் தெரியும் பளிச்சென்ற நிறங்கள் பலவற்றை அச்சு மையால் எட்ட முடியாது. ஆகவே ஒவ்வொரு நிறத்துக்கும் சிஎம்ஒய்கே மதிப்பை அச்சகத்தாரோடு பேசி, மாதிரி அச்சைப் பார்த்து உறுதிசெய்து, தனியாகக் குறித்துவைப்பது நல்லது.

கிட்டில் நிறங்களை வைத்தால் மட்டும் போதாது, எது எதன்மேல் வரலாம் என்பதையும் எழுதிவையுங்கள். வலை அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜியின் ஏஏ நிலை, சாதாரண அளவு எழுத்துக்குக் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற நிறமாறுபாட்டைக் கேட்கிறது. வெள்ளையின்மேல் #145374 இதை எளிதில் தாண்டும். பளிச்சென்ற மஞ்சள் தாண்டாது.

கேட்டவர்

மிக்க நன்றி. பார்த்தேன், மூன்று கருவிகளிலும் மூன்று குறியீடுகள் இருந்தன. எழுத்துருவை முக்தா மலருக்கு மாற்றிவிட்டோம். இனி கிட்டில் நிறத்தைத் திருத்தினால் பழைய வடிவமைப்புகளும் தாமாக மாறுமா?

பதில் 1

கருவியையும், அந்த நிறம் எப்படி இடப்பட்டது என்பதையும் பொறுத்தது. ஃபிக்மாவில் நிறத்தை ஸ்டைலாக (பெயரிட்டுச் சேமித்து, பல இடங்களில் இணைத்துப் பயன்படுத்தும் அமைப்பு) சேமித்துப் பயன்படுத்தியிருந்தால், ஸ்டைலைத் திருத்தியதும் அந்தக் கோப்பில் அது வரும் இடமெல்லாம் மாறும். வேறு கோப்புகளுக்குப் போக, ஸ்டைல்களைப் பகிரும் நூலகத்தை மீண்டும் வெளியிட்டு, அங்கே புதுப்பிப்பை ஏற்க வேண்டும். குறியீட்டை நேரடியாக ஒட்டியிருந்தால் அங்கும் மாறாது. மற்ற இரண்டிலும் ஒரு படத்தில் சோதித்துவிட்டுத் தொடருங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை: ஹெக்ஸ், சிஎம்ஒய்கே, எழுத்துருக் கோப்புகள், லோகோ வடிவங்கள் அனைத்தையும் மூன்று கருவிகளுக்கும் வெளியே ஒரே பொதுக் கோப்புறையில் வையுங்கள். திருத்தும் உரிமை ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். பிறகு வார்ப்புருக்கள், முகப்புப் படங்கள், மறு அச்சுக்குப் போகும் துண்டறிக்கை ஆகியவற்றை முதலில் திருத்துங்கள். ஏற்கெனவே வெளியான பதிவுகளை அப்படியே விட்டுவிடலாம்.