ஸ்பெஷலிஸ்ட் வருவதை நிறுத்திவிட்டார், அடுத்து என்ன? திருகோணமலை அனுபவங்கள்

உப்புவெளி மகள்

அம்மாவுக்கு முடக்குவாதம், மூட்டுகள் வீங்கி நோகும் வருத்தம். வெளியூரிலிருந்து வரும் ஸ்பெஷலிஸ்ட் ஒருவரிடம், டவுனில் உள்ள ஒரு தனியார் நிலையத்தில் பல வருடமாகச் சனல் பண்ணிக் காட்டி வந்தோம். ஒரு நாள் நம்பர் எடுக்கப் போன் பண்ணினால் "டொக்டர் இனி வரமாட்டார்" என்றார்கள். அவ்வளவுதான் அறிவித்தல்.

அரசாங்க ஆசுபத்திரி என்றால் கிளினிக் கொப்பி நம் கையில் இருக்கும். டொக்டர் மாறினாலும் அடுத்து வருபவர் புரட்டிப் பார்த்துக்கொள்வார். தனியாரில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் மருந்துத் துண்டு மட்டும். இப்போது குடிக்கும் மருந்து அதில் இருக்கும். முன்பு எது ஒத்துவரவில்லை, ஏன் நிறுத்தினார், அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது என்பதெல்லாம் அவருடைய ஃபைலில். புது டொக்டர் முதலில் கேட்பதே அதைத்தான்.

நேரே போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்த பிள்ளை "ஃபைல் தர ஏலாது" என்றா. ஃபைல் வேண்டாம், போட்டோகொப்பியும் டொக்டரின் கடிதமும் தாருங்கள் என்று விடாமல் நின்றேன். பிறகு டொக்டரோடு கதைத்தார்கள், கடிதம் வந்தது. அரைப் பக்கம்தான், ஆனால் அம்மாவின் வருத்தம் முழுவதும் அதில் இருந்தது. எந்த மருந்து ஈரலைத் தாக்கியது என்றுகூட எழுதியிருந்தார்.

அதைக் கொண்டுபோய் பெரியாஸ்பத்திரி ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) காட்டி, மெடிக்கல் கிளினிக்கில் பதிந்தோம். அம்மா குடிப்பது மெதோட்ரெக்ஸேட். முடக்குவாதத்துக்கு இதைக் கிழமைக்கு ஒரு நாள்தான் குடிக்க வேண்டும். தவறுதலாகத் தினமும் குடித்தால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கடிதத்தில் டொக்டர் "புதன்கிழமை மட்டும்" என்று அடிக்கோடு போட்டிருந்தார். மருந்து கொடுத்தவர் அதைப் பார்த்துவிட்டு, கடதாசி உறையின் மேல் சிவப்புப் பேனையால் பெரிதாகப் "புதன்" என்று எழுதித் தந்தார். டொக்டர் மாறும்போது பிசகக்கூடிய இடம் இதுதான். உங்கள் வீட்டில் யாராவது இந்தக் குளிசை குடித்தால் தயவுசெய்து கிழமையை எழுதி வாங்குங்கள்.

மூதூர்க்காரன்

அக்கா சொன்ன கடிதம் எங்களுக்கும் கைகொடுத்தது. அப்பாவுக்கு இதயத்தில் உலோக வால்வு வைத்திருக்கிறது, ஆயுள் முழுவதும் ரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் குளிசை. பார்த்து வந்த கிளினிக் நின்றதும் சொந்தக்காரர் பலர் "அடுத்த டொக்டர் வரும்வரை பழைய துண்டுக்கே வாங்கிக் குடியுங்கோ" என்றார்கள். நிறுத்தக் கூடாது என்பது சரி. ஆனால் ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை பார்க்காமல் அதே அளவைக் குடித்துக்கொண்டே போவதும் ஆபத்து. ரத்தம் அதிகம் இளகினால் உள்ளே கசியும், போதாவிட்டால் வால்வில் ரத்தம் கட்டிப் பக்கவாதம் வரலாம்.

இதய டொக்டர் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மூதூர் ஆசுபத்திரியிலேயே காட்டி, ரத்தம் பார்த்து, குளிசை அளவைச் சரிசெய்து கொண்டோம். இன்னொன்று: ஐஎன்ஆர் எந்த அளவுக்குள் நிற்க வேண்டும் என்பது எந்த வால்வு, இதயத்தில் எந்த இடம் என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். கடிதத்தில் அந்த எண்ணைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள். எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டின் ஒறிஜினலையும் யாரிடமும் விட்டுவிட வேண்டாம், கொப்பியைக் கொடுங்கள்.

கிண்ணியா தங்கச்சி

மகனுக்கு வலிப்பு மருந்து. பார்த்த இடம் மூடிவிட்டது, புது இடத்தில் திகதி அடுத்த மாதம்தான். குளிசை அதற்கு முன்பே முடிந்துவிடும். என்ன செய்வது?

உப்புவெளி மகள்

தங்கச்சி, அந்தத் திகதிவரை பொறுக்க வேண்டாம். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வரலாம். கன காலம் குடித்த பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட்டும் அப்படித்தான், சட்டென்று நிறுத்தக் கூடாது. நாளைக்கே பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கிண்ணியா ஆசுபத்திரி ஓபிடிக்குப் போங்கோ. பழைய துண்டு, வெறும் குளிசை அட்டை, புது இடத்துத் திகதி எழுதிய காட் மூன்றையும் கொண்டுபோங்கோ. உள்ளே போனதும் "இத்தனையாம் திகதி மருந்து முடியுது" என்பதை முதலில் சொல்லுங்கோ. இடையில் வரும் நாட்களுக்கு மருந்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கோ. பெயர் வேறாக, கொம்பனி வேறாக மருந்து வந்தால், குடிக்கக் கொடுக்க முன் அங்கேயே டொக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டு வாங்கோ.