நியூயார்க்குக்கு அலுவல் பயணம்: புதிதாகக் குடியேறியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ வந்து சில மாதங்களே ஆன நிலையில், வாடிக்கையாளரைச் சந்தித்து வரும்படி நிறுவனம் உங்களை நியூயார்க்குக்கு அனுப்பக்கூடும். டல்லாஸிலும் டொராண்டோவிலும் பழகிய நடைமுறைகளில் பெரும்பாலானவை அங்கும் செல்லும்; சில செல்லாது. நியூயார்க்கர்கள் முரட்டுத்தனமானவர்கள் என்று பரவலாக ஒரு பேச்சு உண்டு. அதை நான் ஏற்பதில்லை. அடுத்தவருடைய நேரத்தை வீணாக்காமல் இருப்பதையே அவர்கள் மரியாதை என்று கருதுகிறார்கள். நாமோ நின்று நலம் விசாரிப்பதுதான் மரியாதை என்று கற்று வளர்ந்தவர்கள். கீழே எழுதியிருப்பவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருவதுதான்.

முதலில் ஆவணங்கள். கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை மட்டும் பெற்று, இன்னும் இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டை வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க விசா கட்டாயம் தேவை. கனடியக் குடிமக்களுக்குத் தேவையில்லை என்பதைக் கேள்விப்பட்டு, தமக்கும் அது பொருந்தும் என்று எண்ணிக்கொள்பவர்கள் உண்டு. குறுகிய கால அலுவல் பயணத்துக்கான பி-1 விசாவில் கூட்டங்களில் கலந்துகொள்ளலாம், ஒப்பந்தம் பேசலாம், மாநாட்டுக்குப் போகலாம்; ஆனால் வாடிக்கையாளரின் அலுவலகத்தில் அமர்ந்து அன்றாட வேலையைச் செய்து கொடுக்க அந்த விசா இடம் தராது. டொராண்டோ பியர்சன் விமான நிலையத்திலேயே அமெரிக்கக் குடிவரவுச் சோதனை முடிந்துவிடுவதால், அங்கே கூடுதல் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்குள்ளேயே பயணம் செய்யும் எச்-1பி விசாக்காரர்கள் கடவுச்சீட்டையும் நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவின் அச்சுப் பிரதியையும் கைவசம் வைத்திருக்க வேண்டும். 2025 மே 7 முதல் உள்நாட்டு விமானத்துக்கும் ரியல் ஐடி என்னும் மத்திய அரசுத் தரத்துக்கு ஏற்ற அடையாள அட்டை கேட்கிறார்கள். ஓட்டுநர் உரிமம் இன்னும் கைக்கு வராதவர்களுக்கு வெளிநாட்டுக் கடவுச்சீட்டே போதுமானது.

நம் பெயர் விஷயத்தில் தனிக்கவனம் தேவை. மன்ஹாட்டன் அலுவலகக் கட்டடங்கள் பலவற்றில் லாபியில் அடையாள அட்டையைக் காட்டி, பார்வையாளர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் மேலே செல்ல முடியும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயராக இருப்பவர்களுக்கு, அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயரின் இடத்துக்குப் போய், இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு (‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகியிருக்கும். உங்கள் அலுவலக மின்னஞ்சலில் ஒரு பெயரும், அடையாள அட்டையில் தந்தையின் பெயர் முன்பின்னாக மாறிய இன்னொரு வடிவமும் இருந்தால், லாபியில் இருக்கும் காவலர் பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் உங்களைக் கண்டுபிடிக்க மாட்டார். ஆகவே அட்டையில் உள்ளபடியே பெயரை எழுத்துக்கு எழுத்து முந்தைய நாளே அனுப்பிவிடுங்கள்; உங்களை எப்படி அழைக்க வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். பெயரைச் சுருக்குவதானால் எங்கே சுருக்குவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அதை அவர்களிடம் விட்டுவிட்டால், பல நேரங்களில் உங்கள் அப்பாவின் பெயரால்தான் உங்களை அழைப்பார்கள்.

புதிய கட்டடங்களில் லிஃப்டுக்குள் மாடி எண்ணை அழுத்தும் பொத்தான்களே இருக்காது; வெளியே உள்ள திரையில் மாடி எண்ணைக் கொடுத்தால், எந்த எழுத்துள்ள லிஃப்டில் ஏற வேண்டும் என்று அது காட்டும். அமெரிக்காவில் தரைத்தளம்தான் முதல் மாடி என்பதும் முதல் சில வாரங்களில் குழப்பும். காவலர், வரிசை, லிஃப்ட் எல்லாம் சேர்ந்து பத்துப் பதினைந்து நிமிடங்களை விழுங்கிவிடும். எனவே பத்து மணிக் கூட்டத்துக்குப் பத்து மணிக்குக் கட்டட வாசலில் நிற்பவர் தாமதமாக வந்தவராகவே எண்ணப்படுவார். ஐந்து நிமிடம் தாமதமாகும் என்று தெரிந்தவுடனே குறுஞ்செய்தி அனுப்பிவிட வேண்டும். காரணத்தை விவரிக்கத் தேவையில்லை. எத்தனை மணிக்கு வந்து சேருவீர்கள் என்பது மட்டும் போதும்.

கூட்டத்துக்குள் நுழைந்ததும் கைகுலுக்கல், முதற்பெயர் அறிமுகம், வானிலையைப் பற்றி ஓரிரு வாக்கியங்கள், அவ்வளவுதான். அடுத்த நிமிடம் விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். தலைமைப் பொறுப்பில் இருப்பவரையும் முதற்பெயர் சொல்லியே அழைக்கலாம். வாக்கியத்துக்கு ஒரு முறை ‘சார்’ போடுவது அங்கே பணிவாகத் தோன்றாது, அந்நியத்தன்மையாகவே தோன்றும். நம் ஊர் அலுவலகங்களில் மூத்தவர் பேசி முடிக்கும்வரை இளையவர் காத்திருப்பது வழக்கம். நியூயார்க்கிலோ கூட்டத்துக்கு வந்தும் பேசாதவர், சொல்ல ஒன்றும் இல்லாதவர் என்றே எண்ணப்படுகிறார். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர் இடைமறித்தால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நியூயார்க்கர்களின் உரையாடல்களை ஆராய்ந்த மொழியியலாளர் டெபோரா டானன், ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் பேச்சு படர்வது அவர்களில் பலருக்கு ஆர்வத்தின் வெளிப்பாடு என்பதை விளக்கியிருக்கிறார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து பேசுங்கள், மௌனமாகிவிட்டால்தான் பிரச்சினை.

இதைவிட முக்கியமானது ஆமாம், இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்வது. பக்கவாட்டில் நாம் தலையாட்டுவது அவர்களுக்குச் சம்மதமா, மறுப்பா, ஐயமா என்று விளங்குவதில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்னும் பொருளில் நாம் சொல்லும் ‘ஓகே ஓகே’ என்பதை அவர்கள் ஒப்புதலாகவே குறித்துக்கொள்கிறார்கள். மூன்று வாரத்தில் முடியாத வேலையை மூன்று வாரத்தில் தருவதாக ஒப்புக்கொண்டதாகப் பிறகு கூட்டக் குறிப்பில் வந்து நிற்பது பெரும்பாலும் இப்படித்தான். ‘முயற்சி செய்கிறேன்’ என்று நாகரிகமாக நழுவுவதைவிட, ‘மூன்று வாரத்தில் முடியாது, ஐந்து வாரத்தில் முடியும்’ என்று சொல்பவரையே அங்கே நம்புகிறார்கள். தேதிகளை எழுதும்போது மாதத்தின் பெயரையும் எழுதிவிடுங்கள். 04/05 என்பது அவர்களுக்கு ஏப்ரல் 5, சென்னையில் இருக்கும் உங்கள் குழுவுக்கு மே 4. சென்னையோடு அழைப்பு ஏற்பாடு செய்பவர்கள், மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நேர வேறுபாடு ஒன்பதரை மணி, மற்ற காலத்தில் பத்தரை மணி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வயது, மதம், திருமணம், குழந்தைகள் ஆகியவற்றைப் பற்றி அவர்களாகச் சொல்லாமல் கேட்கக் கூடாது. சம்பளத்தைப் பற்றிக் கேட்பது வெறும் நாகரிகக் குறைவோடு நிற்பதில்லை: வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் முந்தைய சம்பளத்தைக் கேட்பதை நியூயார்க் நகரச் சட்டம் 2017 முதல் தடை செய்திருக்கிறது. நிறுவனத்தின் சார்பில் நேர்காணல் செய்யப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

உணவு மேசையில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். காலை உணவோடு அலுவல் பேசும் வழக்கம் அந்நகரத்தில் வலுவாக உண்டு. 1970களில் நகர நிர்வாகம் திவாலாகும் விளிம்பில் நின்றபோது, பார்க் அவென்யூவில் உள்ள ரீஜென்சி ஹோட்டலில் முக்கியப் புள்ளிகள் காலையில் கூடிப் பேசியதிலிருந்து அது பெயர் பெற்றது. எட்டு மணிக்கு அழைத்தால் ஒன்பதரைக்குள் எழுந்துவிடுவார்கள் என்று கொள்ளலாம். அழைத்தவரே பணம் கொடுப்பது வழக்கம். பில்லைப் பிடுங்கிக்கொண்டு போராடும் நம் பழக்கத்தை அங்கே காட்டினால் சங்கடப்படுவார்கள். அதேபோல், ‘இன்னும் கொஞ்சம் வேண்டுமா’ என்று கேட்கும்போது உபசாரத்துக்காக முதலில் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு இரண்டாம் முறை கேட்பார்கள் என்று காத்திருந்தால், பசியோடுதான் எழ வேண்டியிருக்கும். அவர்கள் உங்கள் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் ஒரு மரியாதைதான்.

சைவ உணவுக்காரர்கள் கூட்டத்துக்கான அழைப்பை ஏற்கும்போதே அதைச் சொல்லிவிடுவது நல்லது. ‘வெஜிடேரியன்’ என்பதோடு நிறுத்தாமல், மீனும் கோழியும் சேராது, சூப்பில் கோழிச்சாறு இருக்கக் கூடாது என்று விளக்குங்கள். காய்கறி சூப் என்று எழுதியிருப்பதிலும் கோழிச்சாறு இருக்கக்கூடும். மது அருந்தாதவர்கள் எலுமிச்சைத் துண்டு போட்ட சோடாவைக் கேட்டுவிட்டால் அதற்குமேல் யாரும் விசாரிக்க மாட்டார்கள். குழாய்த் தண்ணீரைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். கேட்ஸ்கில் மலைப்பகுதி நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் அந்தத் தண்ணீரைப் பற்றி அந்நகரத்தவருக்குப் பெருமையே உண்டு.

டிப்ஸ் கொடுப்பது உங்கள் விருப்பம் என்று ஏட்டளவில் சொன்னாலும், பரிமாறுபவரின் வருமானத்தில் அது பெரும்பங்கு. மேசையில் அமர்ந்து சாப்பிட்டால் 18 முதல் 20 விழுக்காடு கொடுத்தே ஆக வேண்டும். அங்கே விற்பனை வரி 8.875 விழுக்காடு என்பதால், பில்லில் உள்ள வரித்தொகையை இரண்டால் பெருக்கிச் சற்றே கூட்டிக் கொடுப்பது பலரும் கையாளும் எளிய கணக்கு. பெரிய குழுவாகச் சென்றால் டிப்ஸைப் பில்லிலேயே சேர்த்திருப்பார்கள். சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். டாக்ஸிக்கு 15 முதல் 20 விழுக்காடு, ஹோட்டல் அறையைச் சுத்தம் செய்பவருக்கு நாளொன்றுக்கு இரண்டு முதல் ஐந்து டாலர். காபிக் கடையில் திரையைத் திருப்பிக் காட்டி 25 விழுக்காடு கேட்பதற்கெல்லாம் இணங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜேஎஃப்கே விமான நிலையத்திலிருந்து மன்ஹாட்டனுக்கு மஞ்சள் டாக்ஸியில் 70 டாலர் நிலைக்கட்டணம், அதன்மேல் சாலைச் சுங்கமும் கூடுதல் கட்டணங்களும் டிப்ஸும். விமான நிலைய ரயிலான ஏர்டிரெய்னில் ஜமைக்கா நிலையம் வந்து ரயில் பிடித்தால் செலவு மிகக் குறைவு, மாலை நெரிசலில் நேரமும் மிச்சம். லாகார்டியா விமான நிலையத்திலிருந்து கியூ70 பேருந்து ஜாக்சன் ஹைட்ஸ் வரை இலவசம். சப்வே கட்டணம் 2026 ஜனவரி முதல் 3 டாலர். வங்கி அட்டையையோ கைப்பேசியையோ தட்டிவிட்டு நுழையலாம், ஒரு வாரத்தில் கட்டணம் ஒரு வரம்பைத் தொட்டபின் மீதிப் பயணம் இலவசமாகும் சலுகை கிடைக்க ஒவ்வொரு முறையும் ஒரே அட்டையையே தட்ட வேண்டும். நெரிசல் நேரத்தில் ஒரு பெட்டி மட்டும் காலியாக வந்தால் அதில் ஏறாதீர்கள். குளிர்சாதனம் வேலை செய்யவில்லை, அல்லது உள்ளே தாங்க முடியாத துர்நாற்றம். எஸ்கலேட்டரில் வலப்பக்கம் நிற்க வேண்டும், நடைபாதையின் நடுவே நின்று கைப்பேசியைப் பார்க்கக் கூடாது. முகவரி கேட்கும்போது எந்த இரு தெருக்களுக்கு இடையில் என்றும் கேளுங்கள். ஐந்தாம் அவென்யூ 350 என்றால் அது எந்தத் தெருவருகே என்று எண்ணைப் பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. வடக்கு தெற்காக இருபது தெருக்கள் ஏறத்தாழ ஒரு மைல். நல்ல காலணி இருந்தால் நடப்பதே பல நேரங்களில் விரைவு.

பயணத் தேதி உங்கள் கையில் இருந்தால் செப்டம்பர் பிற்பகுதியைத் தவிருங்கள். ஐக்கிய நாடுகள் பொதுச்சபைக்கு உலகத் தலைவர்கள் வரும் அந்த வாரத்தில் முதல் அவென்யூவை ஒட்டிய தெருக்கள் அடைக்கப்படும், அறை வாடகையும் எகிறும். கோடை வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களில் முக்கியமானவர்கள் அலுவலகத்தில் இருப்பது அரிது. நன்றி நவிலும் நாளான நவம்பர் நான்காம் வியாழனை ஒட்டிய நாட்களும் அப்படியே. அறை வாடகையின்மேல் 14.75 விழுக்காடு வரியும் ஓர் இரவுக்கு 3.50 டாலரும் சேரும் என்பதை மதிப்பீட்டில் காட்டிவிடுங்கள். வீட்டுக்காரர் உடன் தங்காத தனி வீட்டை 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவதை நகரச் சட்டம் அனுமதிப்பதில்லை. அப்படி மலிவாக யாராவது தருவதாகச் சொன்னால் ஒதுங்கிக்கொள்வதே நல்லது.

மாலையில் நம் உணவு வேண்டுமென்றால் லெக்சிங்டன் அவென்யூவில், இருபதுகளில் எண்ணுள்ள தெருக்கள் குறுக்கிடும் பகுதியில் தோசையும் சாப்பாடும் கிடைக்கும். நேரம் இருப்பவர்கள் நகரின் குவீன்ஸ் பகுதியில் ஃப்ளஷிங், பவுன் தெருவில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போகலாம். 1977-இல் குடமுழுக்கு கண்ட அந்தக் கோயிலின் அடித்தளத்தில் இருக்கும் கேன்டீனில் வாடிக்கையாளரை அழைத்துச் சென்று தோசை வாங்கித் தந்தவர்களும் உண்டு. காலணியைக் கழற்றுவது கோயிலுக்குள் மட்டும்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் வந்தவர் தயங்க மாட்டார்.

பரிசுப் பொருள் கொடுக்கும் எண்ணம் இருந்தால் மிக எளியதாக இருக்கட்டும். வணிக அன்பளிப்புக்கு வருமான வரியில் கழித்துக்கொள்ள இடமிருப்பது ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 25 டாலர் வரைதான். பல நிறுவனங்கள் அதை ஒட்டியே வரம்பு வைத்திருக்கின்றன. நகர அரசு ஊழியருக்கு, நகரத்தோடு வணிகம் செய்பவர் 50 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள எதையும் கொடுப்பது விதிமீறல். மத்திய அரசு ஊழியருக்கு ஒரு முறைக்கு 20 டாலர்தான் வரம்பு.

கூட்டம் முடிந்த அன்றே நன்றிக் கடிதம் போய்ச் சேர வேண்டும். முதல் வரியில் நன்றி, அடுத்து யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வது என்ற பட்டியல், கடைசியில் உங்கள் தொலைபேசி எண். பத்து வரிக்கு மேல் போக வேண்டாம். ஒரு வாரம் பதில் வராவிட்டால் சுருக்கமாக ஒருமுறை நினைவூட்டலாம், அதில் தவறில்லை. ரசீதுகளை அன்றன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: தங்குமிடத்துக்கு எவ்வளவு சிறிய தொகையானாலும், மற்ற செலவுகளில் 75 டாலரும் அதற்கு மேலும் ஆனால், வரித்துறை ரசீது கேட்கிறது; உங்கள் நிறுவனத்தின் கணக்குப் பிரிவு பெரும்பாலும் அதைவிடக் கண்டிப்பாகவே இருக்கும்.