அன்னப்பட்சி, கிளி, மயில்: சின்ன வயதில் பார்த்து இன்னும் மனதை விட்டுப் போகாதது எது? வாசகர்கள் புனைபெயரில் எழுதியவை

அரக்குக்கரை:
பாட்டியின் காஞ்சிப் பட்டு. மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை, கரை முழுக்க அன்னப்பட்சி. "பழைய பட்டுப் புடவை இருக்கா" என்று தெருவில் கூவி வருபவர்களைத் தெரியும்தானே? பாட்டி இறந்த வருடமே வீட்டில் அப்படி ஒருவரைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டார்கள். ஜரிகையைக் கல்லில் உரசினார், "வெள்ளி நல்லாயிருக்கு" என்றார், கத்தரியை எடுத்தார். ஒரு வெட்டு சரியாக அன்னத்தின் கழுத்தில் விழுந்தது. அலகில் கவ்விய கொடி ஒரு துண்டில், வால் இன்னொன்றில். எரித்து வெள்ளி எடுப்பார்களாம். என்ன விலை வந்தது என்று வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. கத்தரிச் சத்தம் மட்டும் எனக்கு இன்னும் கேட்கிறது.

தறிக்குழி:
கரையில் அன்னம் நிமிர்ந்து நிற்பதைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்தது படுத்த அன்னம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் இருந்தது கோர்வைத் தறி. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்றால் மூன்று நாடா (குறுக்கிழையைக் கொண்டுபோகும் கட்டை) ஓட வேண்டும், ஓர் ஆள் போதாது. அப்பாவுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டு வாங்குவது என் வேலை. டிசைனுக்காகத் துளை போட்ட ஜக்கார்டு அட்டை ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்ப முதலில் அலகு வரும், அப்புறம் கண், கழுத்து, கடைசியில் வால். ஒருநாள் கண் வருகிற இடத்தில் இழை அறுந்தது. அப்பா திட்டவில்லை. முடிச்சுப் போட்டுவிட்டு, "குருட்டு அன்னம்டா, கல்யாணத்துக்குப் போகுது" என்றார். யார் கட்டினார்களோ.

சாக்பீஸ்:
தறிக்குழி, அழகாகச் சொல்கிறீர்கள். ஆனால் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளையைத் தறியில் உட்காரவைத்ததை இப்படி ரசிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லேயே வந்தாயிற்று. அந்த ஊரில் ஆசிரியையாக இருந்தவள் நான். முதல் பீரியடில் தூங்கி விழும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மயில் போடுவான். டிசைன்காரர் கிராஃப் தாளில் போடுவதுபோல் கட்டம் கட்டமாக, வளைவே இல்லாமல். ஜன்னலுக்கு வெளியே நிஜ மயிலே வந்து நின்றாலும் அப்படித்தான் போட்டிருப்பான்.

தறிக்குழி:
ரசிக்கவில்லை டீச்சர். நான் பத்தாவது முடித்தேன். அண்ணன் முடிக்கவில்லை.

வலசை:
அன்னம் வெறும் கற்பனை என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி மாவட்டத்தில், பறவைகள் வந்து தங்கும் கூந்தன்குளம் பக்கம் அத்தை வீடு. தை மாதம், விடியற்காலை, குளத்திலிருந்து வரித்தலை வாத்துக் கூட்டம் எழும்பித் தலைக்கு மேல் போனது. நீட்டிய கழுத்தைப் பார்த்ததும் அத்தையின் கல்யாணப் புடவையில் இருப்பது இதுதான் என்று பட்டது. மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டி வருகிற பறவை இது. புறநானூறு 67-இல் பிசிராந்தையார் அன்னச் சேவலை, அதாவது ஆண் அன்னத்தைக் கூப்பிட்டு, குமரித்துறையிலிருந்து வடமலைக்கு (இமயத்துக்கு)ப் போவதானால் நடுவில் சோழனின் கோழியூரில் (உறையூரில்) இறங்கு என்கிறாரே, வேறு எந்தப் பறவை அது?

இடைப்புள்ளி:
வலசை அண்ணா, அதே பாட்டில் அந்த அன்னம் அயிரை மீன் தின்கிறது. உங்கள் வாத்து புல்லும் பயிரும் மேய்கிற ஜாதி. சரி, என் கதை சின்னது. மார்கழியில் சித்தி 15-8 இடைப்புள்ளி வைத்து வாசலில் கிளி போடுவாள், சுத்தமான பச்சரிசி மாவில். நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் எறும்புகள் கிளியின் கண்ணைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். இப்போது கல்மாவுதான். எந்த எறும்பும் வருவதில்லை.

பீரோசாவி:
எங்கள் அம்மாவிடமும் இருதலைப்பட்சி போட்ட புடவை ஒன்று உண்டு, மடிப்பிலேயே கிழிந்துவிட்டது. அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். பிளாஸ்டிக் கவரில் வைக்காதீர்கள். பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து நிழலில் ஆறவிட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அங்கேதான் முறியும். பாச்சை உருண்டை ஜரிகையில் படக்கூடாது, சென்ட் கூடவே கூடாது. ஹேங்கரில் தொங்கவிட்டால் கனம் தாங்காமல் இழை விட்டுவிடும். அரக்குக்கரை, துண்டு ஏதாவது மிச்சம் இருந்தால் துவைத்துத் தொலைக்காதீர்கள்.

குத்துவிளக்கு:
புடவையிலேயே நிற்கிறீர்களே! எங்கள் வீட்டில் நாச்சியார்கோவில் விளக்கு, உச்சியில் பித்தளை அன்னம். காவிரி வண்டல் மண்ணில் அச்செடுத்து வார்ப்பது. அன்னம் தனி, திருகினால் கையோடு வந்துவிடும். பரீட்சைக்குப் படிக்கும்போதெல்லாம் அது என் கையில்தான் இருக்கும். பாகப்பிரிவினையில் விளக்கு பெரியப்பாவுக்குப் போனது. அன்று அன்னம் என் பாவாடை மடியில் இருந்தது யாருக்கும் தெரியாது. இன்றும் கார்த்திகைக்கு அவர்கள் மொட்டை விளக்குதான் ஏற்றுகிறார்கள். போன தடவை பெரியம்மா நேராகவே கேட்டுவிட்டாள், "அது உன்கிட்டதானேடி இருக்கு?" காபி கொண்டுவருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். கொடுக்கிற எண்ணம் இல்லை.