ஃபிரிக்‌ஷன் ஸ்டர் வெல்டிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

கிருஷ்ணகிரி, பாலிடெக்னிக் விரிவுரையாளர்:
எல்லோருக்கும் வணக்கம். டிப்ளமோ மாணவர்களுக்கான தமிழ்ப் பாடக்குறிப்பை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். இந்த ஒரு சொல்தான் இழுக்கிறது. 1991-இல் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் அருகே டி.டபிள்யூ.ஐ. என்ற வெல்டிங் ஆய்வு நிறுவனத்தில் உருவான முறை. இரண்டு அலுமினியத் தகடுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து இறுக்கி, சுழலும் கருவியின் ஊசியைச் சந்தில் இறக்கி நகர்த்துகிறோம். கருவியின் தோள், அதாவது ஊசிக்கு மேலுள்ள அகன்ற பகுதி, தகட்டின் மேல் தேய்கிற சூட்டில் உலோகம் இளகும், உருகாது. ஊசி இரண்டையும் கலந்துவிடும். ‘உராய்வுக் கிளறல் பற்றவைப்பு’ என்று போட்டேன். பின்பெஞ்சிலிருந்து “கேசரியா மேடம்?” என்று குரல் வந்தது. வேறு சொல் இருந்தால் தாருங்கள்.

தருமபுரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
கேசரியை விடுங்கள் அம்மா, எனக்கு இடறுவது பற்றவைப்பு. பற்றவைப்பது தீயை. இங்கே தீயும் இல்லை, உருகலும் இல்லை. ‘பற்றாசு’ என்று நல்ல பழஞ்சொல் இருக்கிறதே! கிளறலுக்குப் பதில் ‘துழாவல்’ வையுங்கள். பெரும்பாணாற்றுப்படையில் ‘அங்களித் துழவை’ வருகிறது. நம் ஊர்க் களியைத் துடுப்புப் போட்டுத் துழாவுவதும் அதே வினைதான். துழாவு, துளை, துடுப்பு மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. இன்னொன்றும் சொல்கிறேன். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன அவ்வை, தகடூர் (நம் தருமபுரிதான்) வேல்கள் நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதைப் பாடினாள் (புறம் 95). அந்த இடத்துக்கு அவள் சொன்ன பெயர் ‘கொற்றுறை’. பட்டறைச் சொல்லுக்கு இந்த மண்ணில் பஞ்சமா?

ஓசூர், வெல்டிங் மேற்பார்வையாளர்:
ஐயா, பற்றாசு வேண்டாம். நகை ஆசாரி வைப்பது அது. நடுவில் வேறொரு உலோகம் உருகி ஒட்டும். இதில் நிரப்புக் கம்பியே கிடையாது. கொற்றுறை அழகுதான், ஆனால் சிப்காட்டில் யாரிடம் போய்ச் சொல்வது?
மேடம், பெயரைவிடப் பையன்கள் திணறுவது அட்வான்சிங் சைடு, ரிட்ரீட்டிங் சைடில்தான். இரண்டு தகடும் ஒரே அலுமினியக் கலவை என்றால் ஓரளவு சமாளிக்கலாம். 6061, 7075 என்ற எண்ணுள்ள இரண்டு அலுமினியக் கலவைகளைச் சேர்க்கும்போது எதை எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கலப்பே மாறிவிடும். 7075-ஐ உருக்கி வெல்டிங் செய்தால் விரிசல் விடும் என்பதால்தானே இந்த முறைக்கே வருகிறோம். ‘முன்னேறும் பக்கம்’ என்று எழுதினால் தகடு நகர்வதாக நினைக்கிறார்கள். கருவி சுழலும் திசையும் நகரும் திசையும் ஒத்துப்போகும் பக்கம் ‘உடன்பக்கம்’, எதிர்த்துப்போவது ‘எதிர்ப்பக்கம்’. அப்படியே போடுங்கள்.

பர்கூர், பொறியியல் மாணவர்:
உடன்பக்கம் சூப்பர். உங்கள் பாடக்குறிப்பின் தலைப்பில் ‘ஒவ்வா அலுமினியக் கலவைகள்’ என்று இருக்கிறதே, படித்தால் அரிப்பு வருகிறது. ‘இருவேறு அலுமினியக் கலவைகள்’ போதாதா? அப்புறம், துழாவலைவிடக் ‘கடைதல்’ எல்லோருக்கும் தெரியும்.

ஓசூர்:
தம்பி, கடைசல் என்றால் லேத் வேலை. பட்டறையில் ‘கடைந்து கொண்டு வா’ என்றால் தகடு லேத்துக்குப் போய்விடும்.

தருமபுரி:
கடைசலும் கடைதலும் ஒரே வினையடிதான். மத்தும் சுழல்கிறது, லேத்தும் சுழல்கிறது. பாற்கடல் கடைந்த கதையில்கூட...

கிருஷ்ணகிரி:
ஐயா, மன்னிக்கணும், நாளைக்கு வெள்ளி. துழாவலே இருக்கட்டும். பற்றவைப்பை மாற்ற முடியாது. வில் (ஆர்க்) பற்றவைப்பு, வாயுப் பற்றவைப்பு என்று முந்தின பாடங்கள் முழுக்க அதுவே இருக்கிறது. ஆகவே ‘உராய்வுத் துழாவல் பற்றவைப்பு’. உடன்பக்கம், எதிர்ப்பக்கம், இருவேறு கலவைகள் மூன்றும் சேர்கின்றன. முடிவில் ஊசியை மேலே எடுக்கும்போது நிற்கும் ஓட்டைக்கு ‘வெளியேறு துளை’ என்று நானே போட்டுவிட்டேன்.

ஓசூர்:
நல்லது மேடம். இங்கே எஃப்.எஸ்.டபிள்யூ. என்றுதான் கூப்பிடுவார்கள், பரவாயில்லை.

தருமபுரி:
பற்றவைப்பை நான் ஏற்கவில்லை என்பது பதிவில் இருக்கட்டும். ‘உராய்துழவு’ என்றால் வினைத்தொகை. வல்லினம் மிகாது, எழுத்தும் மிச்சம். ‘வெளியேறு துளை’யில் துளை வந்துவிட்டது பாருங்கள், துழாவின் வேர் பற்றித் தனியே எழுதுகிறேன்.