ஸ்ட்ராட்டில் லாக்கிங் நட்: நெக்கை வெட்டலாமா?

ஆறுகம்பி

ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) மாடல் எலெக்ட்ரிக் கிட்டார். மேப்பிள் நெக், நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் பள்ளமிட்ட பட்டை) அகலம் 42 மிமீ, ஃப்ரெட்போர்டு ரேடியஸ் (குறுக்கு வளைவு) 9.5 அங்குலம், ஸ்கேல் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி நீளம்) 648 மிமீ. பிரிட்ஜ் பழைய மாதிரி 6 ஸ்குரூ ட்ரெமோலோ (பாரை அமுக்கினால் பிரிட்ஜ் சாய்ந்து கம்பிகள் தளரும்). பாரை முழுக்க அமுக்கி விட்டால் ஜி கம்பி சுருதி ஏறிப்போய் நிற்கிறது. மற்றவை ஓரளவு பரவாயில்லை. பிளாஸ்டிக் நட்டைக் கழற்றிவிட்டு ஃப்ளாய்ட் ரோஸ் வகை லாக்கிங் நட் (கம்பிகளை ஸ்குரூவால் இறுக்கிப் பூட்டுவது) போடலாம் என்று யோசனை. பிரிட்ஜை மாற்றுவதாக இல்லை. எந்த சைஸ் வாங்குவது, எவ்வளவு மரம் எடுப்பது, மேலிருந்து ஸ்குரூவா பின்னாலிருந்து போல்ட்டா? ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் இரும்புத் தண்டு) ஓட்டை ஹெட்ஸ்டாக் (கீகள் இருக்கும் தலைப்பகுதி) பக்கம் இருக்கிறது.

பட்டறை மேசை

பிரிட்ஜ் மாறாது என்றால் லாக்கிங் நட் வேண்டாம். நட்டைப் பூட்டிய பிறகு ட்யூனிங் கீயைத் திருகிப் பயனில்லை. பூட்டுக்கு அந்தப் பக்கம்தான் இழுபடும். அதனால்தான் ஃப்ளாய்ட் பிரிட்ஜில் ஃபைன் ட்யூனர் (பிரிட்ஜிலேயே சுருதியை நுணுக்கமாகச் சேர்க்கும் திருகு) இருக்கிறது. உங்கள் பிரிட்ஜில் அது கிடையாது. ஏசி அறையிலிருந்து வெளியே வந்து சுருதி கொஞ்சம் நகர்ந்தால்கூட ஆலன் கீயை எடுத்து, அவிழ்த்து, சுருதி சேர்த்து, மறுபடி பூட்ட வேண்டும். பூட்டும்போது அது இன்னொரு முறை நகரும்.

உங்களுக்கு இருப்பது நட்டில் கம்பி சிக்கும் கோளாறு மாதிரிதான் தெரிகிறது. சோதிப்பது எளிது. பாரை அமுக்கி விட்டதும் ஜி ஏறி நிற்கிறதா? அதே கம்பியை ஒரு முழு பெண்ட் (பக்கவாட்டில் தள்ளி ஒரு சுரம் ஏற்றுவது) இழுத்து விடுங்கள். சுருதி பழைய இடத்துக்கோ அதற்குக் கீழேயோ இறங்கினால் குற்றவாளி நட்தான். அமுக்கும்போது தளர்ந்த கம்பி கீ பக்கம் நழுவுகிறது, திரும்பும்போது நட் பள்ளம் விடாமல் பிடித்துக்கொள்கிறது. பெண்டுக்குப் பிறகு இறங்கி நின்று, நட்டுக்குப் பின்னால் விரலால் அழுத்தினால் ஏறுகிறது என்றாலும் அதே காரணம்தான். சுருதி சேர்க்கும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம் வருமே, அதுவும் இதே கோளாறு.

ஜி பள்ளத்தைக் கம்பியைவிட நூலளவு அகலமான நட் அரத்தால் சரிசெய்யுங்கள். பள்ளத்தின் தரை கீ பக்கம் சரிய வேண்டும், ஆழம் கூடக் கூடாது. பிறகு பென்சில் கரி. கீயில் சுற்று இரண்டு மூன்றுக்கு மேல் போகாமல் பாருங்கள், அல்லது லாக்கிங் ட்யூனர் (கம்பியைப் பூட்டிப் பிடிக்கும் கீ) போடுங்கள். ஸ்ட்ரிங் ட்ரீயிலும் (ஹெட்ஸ்டாக்கில் கம்பியைத் தாழ்த்திப் பிடிக்கும் சிறு கொக்கி) ஒரு துளி மசகு. கோளாறு ஜியில் மட்டும் என்பதால் பிரிட்ஜை இப்போதைக்குத் தொட வேண்டாம். ஆறு கம்பியும் சேர்ந்து ஒரே பக்கம் நகர்ந்தால்தான் ஸ்குரூ முனை, ஸ்பிரிங் என்று பார்க்க வேண்டும்.

ஆறுகம்பி

பெண்ட் சோதனையில் நீங்கள் சொன்னபடியே இறங்குகிறது. ஆனால் ஃபைன் ட்யூனர் உள்ள ஃப்ளாய்ட் பிரிட்ஜுக்கே போய்விடலாம் என்று முடிவு. பாடியில் குழி வெட்டும் வேலையை வேறொருவர் செய்கிறார். நட் வேலை மட்டும் என்னுடையது. முறை சொல்லுங்கள்.

மரை 3 மிமீ

சைஸ்: ஃப்ளாய்ட் நட்டின் அளவுக் குறியில் R2 என்பது 41.3 மிமீ, R3 என்பது 42.86 மிமீ. 42 மிமீ நெக்குக்கு R2 போட்டால் பக்கத்துக்கு 0.35 மிமீ மரம் தெரியும், அவ்வளவுதான். R3 விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு கையைக் கிழிக்கும், ஓரக் கம்பிகளும் விளிம்பை ஒட்டிப் போய்விடும். R2 வாங்குங்கள்.

நட்டின் ரேடியஸ் 10 அங்குலம். உங்கள் 9.5 போர்டில் நடுக் கம்பிக்கும் ஓரக் கம்பிக்கும் வரும் வித்தியாசம் 0.03 மிமீதான், மறந்துவிடலாம். பழைய 7.25 அங்குல போர்டு என்றால் அது 0.23 மிமீ வரை போகும். ஓரத்தைச் சரியாக வைத்தால் நடுவில் கம்பி ஃப்ரெட்டில் (போர்டில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) அடிக்கும்.

வெட்டுவதற்கு முன் நட்டை நெக் மேல் வைத்து ட்ரஸ் ராட் ஓட்டையைப் பாருங்கள். நட்டின் அடிப்பகுதி சுமார் 16 மிமீ நீளம். இப்போதுள்ள பள்ளம் 3 மிமீ சொச்சம். அதாவது ஹெட்ஸ்டாக் பக்கம் இன்னும் 13 மிமீ போகும். நட் உட்கார்ந்த பிறகு ஆலன் கீ ஓட்டைக்குள் நுழையாது என்றால், ட்ரஸ் ராடைத் தொடும் ஒவ்வொரு முறையும் நட்டைக் கழற்ற வேண்டிவரும். அதற்குச் சம்மதமா என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

பழைய நட்டின் இரு விளிம்பிலும் கத்தியால் வார்னிஷைக் கீறிவிட்டு, மரத்துண்டை வைத்துப் பக்கவாட்டில் தட்டுங்கள். கீறாமல் தட்டினால் வார்னிஷ் செதிலாகப் பெயரும்.

ஃப்ரெட்போர்டு முனையைத் தொடாதீர்கள். லாக்கிங் நட்டின் முன்முகம் அந்த முனையில் ஒட்டி நிற்க வேண்டும். வெட்டு முழுதும் ஹெட்ஸ்டாக் பக்கம்தான். நட் 1 மிமீ பின்னால் போனால், திறந்த கம்பிக்கும் ஃப்ரெட்டில் பிடிக்கும் சுரங்களுக்கும் இடையே 2.7 சென்ட் (அரை சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலகும். பிரிட்ஜ் சேடிலை (பிரிட்ஜில் கம்பி தங்கும் துண்டு) நகர்த்தி 12-ஆம் ஃப்ரெட்டைச் சரிக்கட்டலாம், முதல் நான்கைந்து ஃப்ரெட் சரியாகாது.

ஆழத்தைக் கணக்கிட்டு வெட்டுங்கள். நட்டின் அடியிலிருந்து நடுக் கம்பிப் பள்ளத்தின் தரை வரை காலிப்பரில் அளந்துகொள்ளுங்கள். உதாரணமாக 6.2 மிமீ என்று வைப்போம். ஃப்ரெட் உயரம் 1.1, அதற்கு மேல் இடைவெளி 0.4, ஆக போர்டின் நடுமட்டத்துக்கு மேல் 1.5 மிமீயில் கம்பி இருக்க வேண்டும். 6.2 - 1.5 = 4.7 மிமீ. தரை அவ்வளவு கீழே. முதலில் 4.4-இல் நிறுத்தி, நட்டை வைத்து, இரண்டு ஓரக் கம்பியைப் போட்டுப் பாருங்கள். மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தும்போது முதல் ஃப்ரெட் மேல் மெல்லிய இடைவெளி தெரிந்தால் போதும். ஆழம் கூடிவிட்டால் நட்டுக்கு அடியில் பித்தளைத் தகடு வைக்கலாம். நட் கடின எஃகு, பள்ளத்தை அரத்தால் இறக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

தரை தட்டையாக இருப்பதுதான் இந்த வேலையின் உயிர். ரம்பத்தால் பின் எல்லையை வெட்டி, உளியால் இரு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கிச் சீவுங்கள். ஒரே பக்கமாகத் தள்ளினால் மறுபக்க விளிம்பு சிதறும். தரை குவிந்திருந்தால் நட் ஊசலாடும், பூட்டும் ஒவ்வொரு முறையும் சுருதி வேறு இடத்தில் நிற்கும்.

ஸ்குரூவா போல்ட்டா என்றால், மேலிருந்து மர ஸ்குரூ. போல்ட் இறுக்கமாகப் பிடிக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் நெக் மெலிகிற இடத்திலேயே இரண்டு முழு ஓட்டை போட வேண்டும். முன்துளையை மரை நீங்கலான தண்டின் பருமனுக்குப் போடுங்கள். ஆழத்துக்கு டிரில் பிட்டில் டேப் சுற்றுங்கள். ஸ்குரூவில் சோப்பு தேய்த்து முடுக்குங்கள், மேப்பிளில் வறட்டு ஸ்குரூவின் தலை முறிந்துவிடும். பசை எதுவும் வேண்டாம்.

ஆறுகம்பி

நட் உட்கார்ந்துவிட்டது, ஆடவில்லை. ஆனால் பூட்டினால் ஆறு கம்பியும் சுருதி ஏறுகிறது, கடைசி இரண்டும் கிட்டத்தட்ட அரை சுரம். பேட் (கம்பியை அழுத்திப் பூட்டும் உலோகக் கட்டை) கோளாறா?

மரை 3 மிமீ

பேட் இல்லை. ரீடெய்னர் பார் (நட்டுக்குப் பின்னால் கம்பிகளைக் கீழே அழுத்திப் பிடிக்கும் பட்டை) போட்டீர்களா? நட்டின் பின்பாதி வளைந்து சரிகிறது அல்லவா, பூட்டும் முன்பே கம்பி அந்தச் சரிவில் படிந்திருக்க வேண்டும். ஃபெண்டர் வகை ஹெட்ஸ்டாக் தட்டை, அதனால் கம்பி சரிவுக்கு மேலே அந்தரத்தில் போகிறது. பேட் அதைக் கீழே அமுக்கும்போது இழுவை கூடிச் சுருதி ஏறுகிறது. பி, இ கம்பிகளின் கீ தூரத்தில் இருப்பதால் அவைதான் அதிகம் ஏறும்.

ஸ்ட்ரிங் ட்ரீயைக் கழற்றிவிட்டு, நட்டுக்கும் முதல் கீக்கும் நடுவே பாரை வைத்து, கம்பி சரிவைத் தொடும் வரை இறக்குங்கள். அதற்கு மேல் இறக்கினால் கீயைத் திருகுவது கடினமாகும், வேறு லாபமில்லை. பிறகு கம்பிகளை இழுத்துப் பழக்கி, ஃபைன் ட்யூனர்களை நடுவில் வைத்து, சுருதி சேர்த்து, பூட்டுங்கள். இப்போதும் ஓரிரு சென்ட் நகரும், அது ஃபைன் ட்யூனரின் வேலை. 3 மிமீ ஆலன் கீயின் குட்டைக் கையைப் பிடித்து இறுக்குங்கள். நீளக் கையைப் பிடித்தால் பேடில் கம்பித் தடம் விழும், போகப்போக ஸ்குரூ மரையும் போகும்.

பின்வாசல்

இதைப் படித்துவிட்டு லெஸ் பாலில் (கிப்சன் கிட்டார் மாடல்) உளி வைக்க யாராவது கிளம்பினால்: கிப்சன் வகையில் ட்ரஸ் ராட் குழி நட்டை ஒட்டியே இருக்கிறது. 16 மிமீ தட்டு வெட்டினால் அந்தக் குழிக்குள்தான் விழும், ஸ்குரூ பிடிக்க மரம் மிஞ்சாது. அந்த கிட்டாருக்கு நட்டுக்குப் பின்னால் பொருத்தும் பூட்டு உண்டு, 1980-களில் கேலர் நிறுவனம் விற்றது. பழைய நட் அப்படியே இருக்கும். வாங்கும் முன் அதன் ஸ்குரூக்கள் குழிக்கு வெளியே விழுகின்றனவா என்று அளந்து பாருங்கள். நட்டுக்கும் பூட்டுக்கும் இடையிலுள்ள துண்டில் கம்பி சிக்கலாம், ஆகவே நட் பள்ளம் சுத்தமாக இருந்தாக வேண்டும். ஃபைன் ட்யூனர் இல்லாமல் இதுவும் ஆகாது.