ஐவரி பிளாக்கின் மேல் பூசிய பர்ன்ட் அம்பர் வெடித்துவிட்டது: அடுக்கு முறையில் எங்கே தவறினேன்?

கேள்வி: மாடியறை

அனைவருக்கும் வணக்கம். ஒன்றரை ஆண்டாக, வேலை முடிந்து வரும் மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வீட்டு மாடியறையில் ஆயில் வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசிப் பழகி வருகிறேன். உருவத்தை முதலில் ஒரே நிறத்தின் ஒளி நிழலாக முழுவதும் வரைந்து முடித்து, அது காய்ந்தபின் ஒளி ஊடுருவும் வண்ணங்களை மெல்லிய கிளேஸாக ஏற்றும் பழைய முறையே என்னை ஈர்த்தது. இப்போது கேட்க வந்திருப்பது, அரக்கு நிறப் பட்டுப்புடவையில் அமர்ந்திருக்கும் என் அத்தையின் உருவப்படத்தைப் பற்றி. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும், அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற வெள்ளைத் தளப்பூச்சு பூசிய கான்வாஸில் வரைந்தேன்.

பின்னணி இருட்டாக வேண்டும் என்பதற்காக ஐவரி பிளாக் என்ற கறுப்பு வண்ணத்தில் ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாகக் கலந்து பூசினேன். எட்டாம் நாள் தொட்டால் விரலில் ஒட்டவில்லை என்பதால், ஆவியாகிவிடும் கரைப்பானான டர்பன்டைனில் மட்டும் கரைத்த பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தை அதன்மேல் பூசினேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பின்னணி முழுவதும் வெடிப்பு. வெடிப்பின் விளிம்புகள் கூர்மையாக இல்லை. காய்ச்சிய பாலில் ஆடை விலகியதுபோல் உருண்டு ஒதுங்கியிருக்கின்றன, இடையில் தெரியும் கறுப்பு இன்னும் பளபளக்கிறது.

புடவைப் பகுதியில் அடியில் அம்பரும் டைட்டானியம் வெள்ளையும், மேலே அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பில் நான்கு கிளேஸ்களும் இருக்கின்றன. அங்கே வெடிப்பு இல்லை. ஆனால் மடிப்பின் ஆழங்கள் மட்டும் பளபளப்பு இழந்து, திட்டுத் திட்டாக வெளுத்துக் கிடக்கின்றன. ஒரே கான்வாஸில், ஒரே கையால் பூசியது இரண்டு விதமாக நடந்துகொள்ளக் காரணம் என்ன? இந்தப் படத்தைக் காப்பாற்ற முடியுமா?

மறுமொழி: பழையசட்டம்

பழைய படங்களைச் சீர்செய்யும் கூடத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். விளிம்பு உருண்டிருப்பதையும் அடிக்கறுப்பு பளபளப்பதையும் நீங்கள் கவனித்து எழுதியதால் காரணத்தைக் கண்டறிவது எளிதாயிற்று. முதுமையால் வரும் வெடிப்பு, உலர்ந்த மண்பாண்டம் கீறியதுபோல் கூர்மையான விளிம்போடு அடித்தளம் வரை இறங்கும். உங்களுடையது காயும்போதே வரும் வெடிப்பு. மேலடுக்கு முந்திக் காய்ந்து இறுகிச் சுருங்க, இன்னும் இளகியிருந்த கீழடுக்கு அதைப் பிடித்து நிறுத்த முடியாமல் வழுக்கிவிட்டிருக்கிறது.

ஆயில் வண்ணம் நீர்வண்ணத்தைப்போல் ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, திரவ நிலையிலிருந்து திட நிலைக்கு மாறுகிறது. இந்த மாற்றத்தின் தொடக்கத்தில் அதன் எடைகூடச் சற்றுக் கூடும். மேற்பரப்பு காற்றோடு நேரடியாகத் தொடர்பில் இருப்பதால் முதலில் தோல் கட்டுவது அங்கேதான். எனவே, விரலில் ஒட்டவில்லை என்பதற்கு மேல்தோல் காய்ந்திருக்கிறது என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது.

நிறமியும் இதில் பங்கு பெறுகிறது. அம்பரில் இயல்பாகவே மாங்கனீஸ் இருப்பதால் அது எண்ணெயைத் துரிதமாகக் காய வைக்கும். பல ஓவியர்கள் அடிவரைவுக்கு அம்பரை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். ஐவரி பிளாக்கோ மிக மெதுவாகக் காயும் இனம். கீழே எண்ணெய் மிகுந்த, மெதுவாகக் காயும் கறுப்பு. மேலே எண்ணெய் குறைந்த, விரைவாகக் காயும் அம்பர். “மெலிந்ததன் மேல் கொழுத்தது”, அதாவது எண்ணெய் குறைந்த பூச்சின் மேல் எண்ணெய் மிகுந்தது, என்று நமக்குச் சொல்லித்தரும் விதியை நீங்கள் இரண்டு வகையிலும் தலைகீழாக்கிவிட்டீர்கள். புடவையில் அம்பர் அடியில் போனது, அதனால் தப்பியது. வரிசையை மாற்றி, அம்பரைக் கீழேயும் கறுப்பை மேலேயும் மெல்லியதாகப் பூசியிருந்தால் அதே இருட்டு கிடைத்திருக்கும், வெடிப்புக்கும் வழியிருந்திருக்காது.

இதற்காக மனம் தளர வேண்டாம். லண்டன் ராயல் அகாடமியின் முதல் தலைவராக இருந்த ஜோஷுவா ரெனால்ட்ஸ், மெழுகு, பிசின், பிட்டுமன் என்ற தார் எனப் பலவற்றைக் கலந்து ஓயாமல் சோதித்தவர். அவர் படங்களில் சில அவர் உயிரோடு இருந்தபோதே வெடித்தும் நிறம் மங்கியும் போயின. அவர் சோதித்ததில் குறை காண மாட்டேன். காசு வாங்கி வரைந்த உருவப்படங்களின் மேலேயே சோதித்தார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

மறுமொழி: செங்காவி

வெடிப்பைப் பற்றி மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். புடவையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் கிளேஸ்தான் எனக்கும் பல ஆண்டுகளாக உயிர்.

மடிப்பின் ஆழங்கள் வெளுத்திருப்பது நிறம் போனதால் அன்று. எண்ணெயைக் கீழடுக்கு உறிஞ்சிக்கொண்டது, மேலே நிறமித் துகள்கள் தனித்து நின்று ஒளியைச் சிதறடிக்கின்றன. கடைக் கான்வாஸின் ஜெஸ்ஸோ உறிஞ்சும் தன்மை உள்ளது; அதன்மேல் டர்பன்டைனில் நீர்த்த அம்பரைப் பூசினால் அதுவும் உறிஞ்சும். தொட்டுப் பார்த்து நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று உறுதி செய்துகொண்டபின், சிறிதளவு ஆளிவிதை எண்ணெயை டர்பன்டைனில் கலந்து, நூல் பிரியாத துணியில் தொட்டு, அந்த இடங்களில் மட்டும் மெல்லத் தேயுங்கள். சில நிமிடம் விட்டு, துணியில் எதுவும் ஒட்டாத அளவுக்கு மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிடுங்கள். ஆழம் கண்ணெதிரே திரும்பி வரும். துடைக்காமல் விட்ட எண்ணெய் பின்னாளில் மஞ்சளாகும் என்பதால், தேய்ப்பதைவிடத் துடைப்பதில் கவனம் வையுங்கள்.

கிளேஸ் எவ்வளவு மெல்லியதாக இருக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் லியொனார்தோவைத்தான் சொல்வேன். மோனா லிசா உள்ளிட்ட அவருடைய படங்களை எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையில் ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிவுகளின்படி, முகநிழலில் அவர் ஏற்றிய அடுக்குகளில் சில ஒன்றிரண்டு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனே கொண்டவை. எல்லாம் சேர்ந்தும் முப்பது நாற்பது மைக்ரானைத்தான் எட்டுகின்றன. நான் தூரிகையால் பூசியபின் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஒற்றி ஒற்றி எடுக்கிறேன். கையில் வந்துவிடும் வண்ணம் கான்வாஸில் நிற்பதைவிட அதிகமாகவே இருக்கும். கையுறை கட்டாயம்.

இன்னொன்று, வருத்தத்தோடு சொல்ல வேண்டியது. உண்மையான அலிசரின் கிரிம்சன் மெல்லிய கிளேஸாக வெளிச்சத்தில் இருந்தால் மங்கும். ட்யூபின் பின்புறம் அந்த நிறமியின் குறியீடான பிஆர் 83 என்று அச்சிட்டிருந்தால் அடுத்த படத்துக்கு அதை எடுக்காதீர்கள். குயினாக்ரிடோன் சிவப்புகள் வெளிச்சத்தைத் தாங்கும். நீங்கள் தேடும் அரக்கு நிறத்துக்கு இந்த முறையோடு ஓர் உறவும் உண்டு. பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர்கள் சிவப்புத் துணிகளின் மேல் ஏற்றிய கிளேஸ்களில் நம் அரக்குப்பூச்சியிடமிருந்து கிடைக்கும் சாயமும் பயன்பட்டது. அத்தகைய நிறமிகளை ஆங்கிலத்தில் லேக் என்று அழைப்பதும் அரக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். அத்தையின் புடவைக்கு நீங்கள் சரியான முறையைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

மறுமொழி: வடக்குச்சாளரம்

துணி என்று மேலே வந்ததால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது உண்டாகும் வெப்பம் சுருட்டிய துணிக்குள் தேங்கித் தானாகவே தீப்பற்றும். மாடியறை, அதுவும் வெயில் காலம் என்றால் இரட்டிப்புக் கவனம் தேவை. விரித்துத் தனித்தனியாக வெளியே கொடியில் காய விடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வையுங்கள்.

கேள்வி கேட்டவர்: மாடியறை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு புடவையின் ஒரு மடிப்பில் மட்டும் எண்ணெய் தேய்த்துத் துடைத்தேன். வெளுத்த திட்டு மறைந்து, சரிகைக்குப் பக்கத்திலிருந்த நிழல் நான் முதலில் வரைந்த நாளில் இருந்தபடியே ஆழமாகத் தெரிந்தது. ட்யூபைத் திருப்பிப் பார்த்தேன், பிஆர் 83தான். படத்தை வெயில் படாத சுவருக்கு மாற்றிவிட்டேன், துணிகளைக் கொடியில் போட்டுவிட்டேன். ஒரே ஒரு ஐயம் மிஞ்சுகிறது: வெடித்த பின்னணியின் மேலேயே மறுபடி பூசி நிரப்பலாமா?

மறுமொழி: பழையசட்டம்

இப்போது வேண்டாம். அடியிலுள்ள கறுப்பு இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது, புதிய பூச்சும் அதே வழியில் பிளக்கும். சட்டத்துக்குள் மறையும் ஓரத்தில் மாதம் ஒருமுறை நகத்தை அழுத்திப் பாருங்கள். தடம் பதிகிற வரை அடிப்பூச்சு இளகித்தான் இருக்கிறது. அதுவரை வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள இடத்தில், நேர்வெயில் படாமல், சுவரை ஒட்டாமல் நிறுத்தி வையுங்கள். மழைக்கால ஈரமும் மூடிய அறையும் காய்வதைத் தாமதப்படுத்தும். ஓராண்டுகூட ஆகலாம். தடம் பதியாத நாளில் இரண்டு வழிகள் உண்டு. முகத்துக்கும் புடவைக்கும் தூரமான இடங்களில் பின்னணியைக் கவனமாகச் சுரண்டி எடுத்து அம்பரிலிருந்து மீண்டும் தொடங்கலாம்; அல்லது வெடிப்புகளுக்குள் மட்டும் சிறு தூரிகையால் நிறம் சேர்க்கலாம். நான் இரண்டாவதைத்தான் செய்வேன், ஏனெனில் தோள்விளிம்பை ஒட்டிச் சுரண்டுவது முகம்வரை போய்விடக்கூடும்.

காத்திருக்கும் காலத்தில் ஒரு வேலை செய்யுங்கள். இதே ஜெஸ்ஸோ பூசிய சிறு பலகைகளில் கறுப்பின் மேல் அம்பர், அம்பரின் மேல் கறுப்பு என்று நீங்கள் பயன்படுத்தும் வண்ணங்களை இரண்டிரண்டாக, எண்ணெய் அளவை மாற்றி மாற்றிப் பூசி, பின்புறம் தேதியும் கலவையும் எழுதி, படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். ஆறு மாதம் கழித்து எந்தப் பலகை எப்படி இருக்கிறது என்று இங்கே எழுதினால் எனக்கும் பயன்படும்.